வரிசை நேராக்குபவர்

என் அத்தாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். இனம் பார்க்காதவர், நிறம் பார்க்காதவர் என்பார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அத்தா டைல்ஸ் ஒட்டும் வேலை செய்பவர். முழங்கால் இரண்டும் காய்த்துப் போனவர். பிழைக்க வந்த இந்த ஊரில் பாஷை தெரியாது, ஆள் தெரியாது, பள்ளிவாசல் ஒன்றுதான் தெரியும். தொழுது முடித்து மூலையில் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தவருக்கு, பக்கத்தில் நின்று தொழுத ஒரு நெட்டை மனிதர் தன் ரொட்டியைப் பிய்த்துப் பாதியைக் கொடுத்தார். வேறு இனம், சுருள் சுருளாக முடி, எங்களைவிடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பு. அதற்காக அத்தா ஒன்றும் பாலில் குளித்துப் பிறந்தவர் இல்லை. மறுநாளே அவர் அத்தாவைத் தன் மேஸ்திரியிடம் கூட்டிப்போய் வேலையில் சேர்த்துவிட்டார். அன்று முதல் அத்தா ஒட்டுவார், அவர் கலவை போட்டுக் கல்லை வெட்டித் தருவார். எனக்கு அவர் நெட்டை மாமா.

அத்தா சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தில் அவரை முதுகில் சுமந்து ஏற்றியவர் மாமாதான். அத்தாவின் கூடப் பிறந்த தம்பி ஃபோனில் உச்சுக்கொட்டியதோடு சரி.

எங்கள் பள்ளிவாசல் ஒரு காலத்தில் கிடங்காக இருந்தது. தொழ வேண்டிய திசை அதன் சுவர்களுக்குக் கோணலாகப் போகும். அத்தாவும் மாமாவும் கூலி வாங்காமல் தரை முழுக்க டைல்ஸைச் சாய்வாக ஒட்டினார்கள். ஓரக் கற்கள் ஒவ்வொன்றையும் மாமா கோணம் பார்த்து வெட்டிக் கொடுத்தார். வரிசைக்கு ஒரு கறுப்புப் பட்டை. அதில் குதிகாலை வைத்தால் யார் நின்றாலும் நேர்.

வெள்ளிக்கிழமைகளில் தொழுகை தொடங்குமுன் அத்தா வரிசை நெடுக நடப்பார். "தோளோட தோள் சேருங்க. நடுவுல இடைவெளி விடாதீங்க" என்பார். அங்கே பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சேர்ந்து நிற்பார்கள். வெள்ளை, கறுப்பு, மாநிறம் என்று அத்தனை தோளையும் அத்தா தட்டிவிட்டுப் போவதை, மாடியில் பெண்கள் பகுதியின் தட்டி வழியாக நான் பார்த்திருக்கிறேன். நெஞ்சு நிறைந்துவிடும். அது பொய் இல்லை. அங்கே நிற்கும்போது எல்லோரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள்.

மாமாவின் மகன் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது, அவருக்கும் என்னை. முறையாக வந்து கேளுங்கள், அத்தா துள்ளிக் குதிப்பார் என்று நான்தான் சொன்னேன். அவ்வளவு விவரம் எனக்கு.

மாமா இஸ்திரி போட்ட சட்டையில் பழக்கூடையோடு வந்தார். எங்களிடம் கற்றுக்கொண்ட தமிழில், "உன் பொண்ணு என் வீட்டுக்கு வரட்டும். என் பொண்ணா இருப்பா" என்றார்.

அத்தா தரையைப் பார்த்தார். "நீ என் கூடப் பொறக்காத தம்பி. அதுல மாத்தமில்ல. ஆனா கல்யாணம் வேற."

"ஏன் வேற?"

அம்மா முந்திக்கொண்டாள். "நாளைக்குப் பொறக்கற புள்ளைக்குத் தலைமுடி எப்படி இருக்கும்? சொந்தக்காரங்க முன்னாடி எப்படித் தூக்கிட்டுப் போவேன்?" என்று சொல்லிவிட்டு அவரிடமே டீயை நீட்டினாள்.

"நீ சும்மா இரு" என்று அத்தா அதட்டினார். எனக்கு உயிர் வந்தது. பிறகு மாமாவின் பக்கம் திரும்பினார்.

"உனக்குத் தெரியாததா? கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல ஸ்பேசர் வெச்சுத்தானே ஒட்டறோம்? இடிக்க இடிக்க வெச்சா சூட்டுல விரிஞ்சு தரையே வெடிச்சிடும். குடும்பமும் அப்படித்தான்."

கற்கள் நெருங்காமலிருக்க இடையில் செருகுகிற சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டுதான் ஸ்பேசர். மாமாவின் சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும்.

"பள்ளியில இடைவெளி விடாதேன்னு சொல்றே" என்றார் மாமா.

"அது தொழுகை."

மாமா டீயை முழுவதும் குடித்தார். சரி என்று எழுந்து போனார். பழக்கூடை கூடத்திலேயே இருந்தது.

"அத்தா, எனக்கு அவரைத்தான் பிடிச்சிருக்கு. மார்க்கத்துல தடை இருக்கா? இருந்தா சொல்லுங்க, வாயை மூடிக்கறேன்."

"தடையெல்லாம் இல்லம்மா."

"அப்புறம் என்ன?"

"நாலு பேர் என்ன சொல்வாங்க?"

அந்த நாலு பேரில் ஒருவர்கூட அவருக்கு ரொட்டி பிய்த்துக் கொடுத்ததில்லை. சொன்னேன். எழுந்து உள்ளே போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தா வழக்கம்போல் வரிசையை நேராக்கிக்கொண்டே வந்தார். "இடைவெளி விடாதீங்க, இடைவெளி விடாதீங்க." கடைசியில் தன் இடத்துக்கு, மாமாவின் பக்கத்துக்கு வந்து நின்றார். மாமா குனிந்தார். தன் பாதத்துக்கும் அத்தாவின் பாதத்துக்கும் நடுவில், கறுப்புப் பட்டையின் மேல், வெள்ளையாக ஒன்றை வைத்தார். மாடியிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. அத்தா அதைப் பார்த்தார். எடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை. தொழுகை தொடங்கியது.

அதன்பின் மாமா கடைசி வரிசைக்குப் போய்விட்டார். வேறு மேஸ்திரியிடம் வேலைக்கும் சேர்ந்துவிட்டார். மகன், "உங்க அத்தா மனசு வெச்சுத் தராம வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வெளியூருக்கு வேலையை மாற்றிக்கொண்டார். பெரிய மனது! அவர் மேலும் எனக்குக் கோபம்தான். அத்தா மட்டும் இன்னும் வாராவாரம் தோள்களைத் தட்டிக்கொண்டிருக்கிறார். போன மாதம் பள்ளிவாசல் நிர்வாகம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியது. எல்லா இனத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தியவராம். அம்மா அதை மடித்து பீரோவில் வைத்திருக்கிறாள்.

மாமா ஸ்பேசர் வைத்த அந்த வெள்ளிக்கிழமை அத்தா போட்டிருந்த சட்டையைத் துவைக்க எடுத்தபோது, பையில் அது இருந்தது. தொழுகை முடிந்ததும் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். தூக்கி எறியவும் மனமில்லை, திருப்பிக் கொடுக்கவும் முகமில்லை.

அன்று சாப்பாட்டு மேசையில் அத்தாவின் தட்டையும் என் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, நடுவில் அதை வைத்தேன். அத்தா அதைப் பார்த்தார்.

"சாப்பிடும்மா" என்றார்.

சாப்பிட்டேன். தட்டுகளைக் கழுவி அடுக்கும்போது அதையும் கழுவி எடுத்து வைத்தேன். மறுநாளும் வைத்தேன். இன்றைக்கும் வைத்துவிட்டுத்தான் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன்.