கோயில் பார்க்கிங்கில் ஒரு சிவப்புக் கார்

இன்று கனடாவின் றிச்மண்ட் ஹில் கோயில் பார்க்கிங்கில் வரிசையாக ஜேர்மன் கார்கள் நின்றன. நடுவில் ஒரு சிவப்பு அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். இளவயதிலிருந்தே நான் ஆசைப்படுகிற கார்.

சேலை கட்டிய அன்ரி ஒருவர் வந்து அதன் கதவைத் திறந்தார்.

"அன்ரி, இந்த விலைக்கு ஜேர்மன் கார் எடுத்திருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன்.

"ஓம் தம்பி, மகனும் இதைத்தான் சொன்னவன். ரெண்டையும் ஓடிப் பாத்தன். ஜேர்மன் கார் நல்ல கார்தான், சத்தமே இல்லை. ஆனா இதை ஸ்டார்ட் பண்ணேக்கை எனக்குச் சிரிப்பு வந்திட்டுது."

அந்த உறுமல் பேவியூ வீதியில் திரும்பி மறையும்வரை ஏக்கத்தோடு நின்றேன்.

"வாறீங்களோ, இல்லையோ?" எங்கள் வானுக்குள்ளிருந்து மனைவி கேட்டாள்.

போய் ஏறினேன்.

வான் ஓடிக்கொண்டே வேறொரு காரை நினைப்பவர்கள் கீழே கமெண்டில் கை தூக்குங்கள். அவளுக்குக் காட்டவேண்டும்.