ஆறிக்கொண்டே வந்த ஊற்று

என் கணவருக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. இரவு பகலாகப் பாதம் எரியும். கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு ஆன்ட்டி, மலையில் இருக்கும் வெந்நீர் ஊற்றில் நாலு தடவை காலை வைத்தால் எரிச்சல் பறந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் சொல்வதைக் காதில் வாங்காத மனிதர் இதை வாங்கிக்கொண்டார். நானும்தான். அந்தக் கால் பிழைத்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

வசந்தத்தில் முதல் தடவை போனோம். ஆறு மணி நேர ட்ரைவ். சியரா மலையில், கல் அடுக்கிக் கட்டிய சின்னத் தொட்டி. மேலே பாறை இடுக்கில் கொதித்து வரும் தண்ணீர், கீழே இறங்கும்போது கால் வைக்கிற அளவுக்கு ஆறிவிடும். வெள்ளைக்காரர்கள் நடுவில் சட்டையைக் கழற்ற இவருக்குக் கூச்சம். பேன்ட்டை மடித்துவிட்டு, கணுக்கால் வரை காலை விட்டார். விட்ட வேகத்தில் துள்ளி எழுந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

கோடையில், போன தடவை அளவுக்குச் சூடு இல்லையே என்றார். எனக்கு அதே சூடுதான். திரும்பி வரும் வழியில் எரிச்சல் பாதியாகக் குறைந்துவிட்டது என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஃப்ரீவேயிலேயே ஆன்ட்டிக்கு ஃபோன் போட்டு நன்றி சொன்னேன்.

இலையுதிர் காலத்தில், ஊற்று ஆறிப்போய்விட்டது என்று அடித்துச் சொன்னார். பக்கத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சூடு தாங்காமல் எழுந்துபோய்க் கரையில் உட்கார்ந்தார். என் கால் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. ஆவி எழும்பி என் கணவரின் முகத்தை மறைத்தது. பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு என்று குரல் மட்டும் வந்தது. ஒரே தண்ணீரில்தான் இரண்டு பேரும் கால் வைத்திருந்தோம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எரிச்சல் சுத்தமாகப் போய்விட்டதே. நல்லது நடக்கும்போது எதற்கு நோண்ட வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவதே அபூர்வம். அன்றைக்குப் பார்த்து மூடித் தொலைத்தேன்.

குளிர்காலத்தில் எங்கும் பனி. நான் காரிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் முன்னால் போய்விட்டார். தொட்டியில் ஆளைக் காணோம். அவருடைய ஷூ தடம் தொட்டியைத் தாண்டி மேலே போயிருந்தது. பாறை இடுக்கில், ஆவிக்குள், நிழலாக உட்கார்ந்திருந்தார்.

“இங்க வா. இங்கதான் கொஞ்சமாவது வெதுவெதுப்பா இருக்கு.”

குனிந்து விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டேன். கை தானாகப் பின்னால் வந்தது. எரிச்சல் குணமாகவில்லை, காலில் உணர்ச்சியே செத்துப்போயிருக்கிறது என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

“காலை எடுங்க” என்றேன்.

அவர் ஒவ்வொரு காலாக, நிதானமாகத் தூக்கிப் பனிமேல் வைத்தார். தோல் வெந்து தொங்கியது. அவர் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்.

“ஏம்மா அழற?” என்று கேட்டார்.