வலப்பக்கம் பார்த்த பதினோரு நொடி

பிரேக் பிடிப்பதை இருபத்தாறு வருடம் கற்றுக்கொடுத்தே பிழைத்த ஒருவரால், பிரேக்கே பிடிக்காத ஒரு படத்தை எடுக்க முடியுமா? ரெஜீன் ரூவியேரைப் பற்றி, பிரான்சில் எங்கள் அலெஸ் ஊரில் எல்லோரிடமும் ஒரு கருத்து இருந்தது. என்னிடம் இந்தக் கேள்விதான் இருந்தது.

ரயில் நிலையத்துக்கு எதிரே அவருடைய டிரைவிங் ஸ்கூல். ஊரில் ஸ்டியரிங் பிடிக்கிற பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். நானே இரண்டு முறை தேர்வில் தோற்று, மூன்றாவது முறை அவர் விட்ட பெருமூச்சுக்குப் பயந்து தேறினேன். ஐம்பத்து நான்கு வயது, குட்டை உருவம், கத்தரித்த நரைமுடி. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அவர் சொல்லும் முதல் பாடம் எப்போதும் ஒன்றுதான். "வலப்பக்கத்துலேர்ந்து வர்றவனுக்குத்தான் வழி. அவன் மந்திரியா, ஆட்டுக்குட்டியான்னு பாக்காதே. நில்லு, பாரு, அப்புறம் போ."

எட்டு ஆகஸ்ட் மாதங்கள் ஊரே கடற்கரைக்குப் போயிருந்தபோது, அவர் பூட்டிய பள்ளிக்குள் உட்கார்ந்து கதை எழுதினார். போதைமருந்து கடத்தும் ஒருவன், அவனை விடாத போலீஸ், இரண்டு கொலை, ஒரு துரோகம், கடைசியில் ஊருக்குக் குறுக்கே ஒரு கார் துரத்தல். படத்துக்கு ஏழு முறை பெயர் மாறியது. ஊரில் அதை 'மேடத்தின் படம்' என்றே சொன்னார்கள்.

படத்தின் உயிர் அந்தத் துரத்தலில் இருந்தது. அதற்காக நகரசபை கொடுத்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. மோதி நொறுங்க இருந்ததும் ஒரே ஒரு கார்: ஓய்வு பெற்ற பழைய டிரைவிங் ஸ்கூல் வண்டி. அது பாலத்திலிருந்து சீறி வந்து, மணிக்கூண்டுச் சந்திப்பில் வலப்பக்கமிருந்து வரும் ரொட்டி வேனை மயிரிழையில் உரசாமல் தாண்டி, சந்தைத் திடலில் அடுக்கிய வெங்காயப் பெட்டிகளுக்குள் பாய வேண்டும். ஒரு விவசாயி விலைபோகாத வெங்காயம் நாலு டன் கொடுத்திருந்தார். அதை அடுக்கும் பொறுப்பு என்னுடையது. அன்று எடுக்காவிட்டால் படம் இல்லை. எட்டு ஆகஸ்ட்டும் காகிதமாகவே கிடக்கும்.

கடத்தல்காரனாக நடித்தது டயர் கடை காதர். கேமரா லுசியான். நாற்பது வருடம் கல்யாண வீடியோ எடுத்தவர். எந்தக் காட்சியிலும் யாராவது அழுகிறார்களா என்றுதான் முதலில் தேடுவார். சந்திப்பின் மூலையில் இருந்த ஒரு பால்கனியில் ஏறி நின்றுகொண்டார். சாலையை அடைத்துக் காவல் நின்றவர் நகரக் காவலர் பஸ்கால். ரொட்டி வேனை ஓட்டியவர் அதன் சொந்தக்காரி மொனிக். எல்லோரும் மேடத்தின் பழைய மாணவர்கள். அங்கேதான் வினை தொடங்கியது.

முதல் முறை காதர் பாலத்திலிருந்து அழகாகச் சீறி வந்தான். சந்திப்பில் வலப்பக்கம் வேனைப் பார்த்ததும் ஒழுங்காக நிறுத்திவிட்டான். வேனுக்குள்ளிருந்த மொனிக்கும் நிறுத்திவிட்டு, 'நீ முதல்ல போ' என்று கையைக் காட்டினாள். அவன் 'இல்லை, நீங்கள்தான்' என்று கையைக் காட்டினான். பின்னால் துரத்தி வந்த போலீஸ் வண்டி, இடைவெளி விட்டு அமைதியாக வரிசையில் நின்றது.

ரெஜீன் ஓடிவந்தார். "காதர், நீ கடத்தல்காரன்டா. அவ வண்டிக்கு வழி விடுவியா?"

"மேடம், அவ வலப்பக்கத்துலேர்ந்து வர்றா."

"தெரியுது. அதுக்குத்தானே அவள வரச் சொன்னேன்."

"நான் வேணும்னா இடப்பக்கத்துலேர்ந்து வரட்டா?" என்று மொனிக் உதவி செய்யப் பார்த்தாள்.

இரண்டாம் முறை காதர் நிற்கவில்லை. ஆனால் வளைவதற்கு முன் இண்டிகேட்டர் போட்டான். பால்கனியிலிருந்து லுசியான் கத்தி வண்டியை நிறுத்தினார். "கொலைகாரன் எந்தப் பக்கம் போறான்னு போலீசுக்கு இவனே சொல்லிக் குடுக்கறான், ரெஜீன்."

மணி பத்தரை. பொறுமை போய், ரெஜீனே காதருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கண்ணாடியில் தலை தெரியாதபடி குனிந்துகொண்டு அங்கிருந்தே கட்டளை கொடுப்பதாக ஏற்பாடு. வண்டி பறந்து வந்தது. தெருவோரத்தில் நின்ற நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். சந்திப்பின் நட்டநடுவில் வண்டி முக்கி முனகி நின்றுபோனது.

"ஏன்டா நிறுத்தின?"

"நான் நிறுத்தல மேடம். நான் அமுக்குறேன், அது நிக்குது. பேய் ஏதாச்சும் புடிச்சிருக்கா?"

"பேயும் இல்ல ஒண்ணும் இல்ல, பயம். ஆறு தடவ ஃபெயிலானவன்தானே நீ."

"அஞ்சு தடவ. ஆறாவதுல பாஸ்."

நாலாம் முறையும் அதே இடத்தில் நின்றது. காதர் எதுவும் பேசாமல் கீழே கையைக் காட்டினான். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அது பள்ளி வண்டி; ஆசிரியர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ரெஜீனின் வலது பாதம் அதை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. ஊரிலேயே அதை அறியாத ஒரே ஆள் அவர்தான். அவரே குனிந்து, அது யாருடைய கால் என்பது போலப் பார்த்தார்.

முதலில் சிரித்தது மொனிக். பிறகு பஸ்கால், சீருடையின் கண்ணியம் கருதித் திரும்பி நின்று சிரித்தார். லுசியான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரெஜீன் செருப்பைக் கழற்றி வீசினார். காலை மடக்கி அதன் மேலேயே உட்கார்ந்தார். ஐந்தாம் முறை, மடங்கியிருந்த கால் எப்படியோ உருவிக்கொண்டு போய்ச் சரியான நொடியில் மிதித்தது.

"நீங்க எறங்குங்க மேடம்," என்றான் காதர். "கெஞ்சிக் கேக்கறேன்."

இறங்கினார். காதர் தனியாகப் பாலத்துக்குப் போனான். வண்டி வரவில்லை. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். "மூணு தடவ நீங்க பிரேக் புடிச்சதுல, இனிமே நீங்க பக்கத்துல இல்லாம இந்த வண்டிய ஓட்ட வராது மேடம்."

மணி பதினொன்று நாற்பத்தாறு. பஸ்கால் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "பன்னண்டுன்னா பன்னண்டுதான். எல்லாரும் கேக் டப்பாவத் தூக்கிக்கிட்டு மாமியார் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பிடுவாங்க. அவங்கள என்னால நிறுத்த முடியாது மேடம். ராணுவத்தாலயும் முடியாது."

ரெஜீன் காதரை இறங்கச் சொன்னார். காதரின் தோல் ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கிப் போட்டுக்கொண்டார். அது முழங்கால் வரை வந்தது. அவன் தொப்பியை வைத்துக்கொண்டார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்து, பழக்கத்தில் கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு கிளம்பினார்.

அந்த வண்டிக்குள் அப்படி ஒரு வேகம் இருந்தது யாருக்கும் தெரியாது. இருபத்தாறு வருடம் மூன்றாம் கியரைத் தாண்டாத வண்டி அது. பாலத்துத் திருப்பத்தில் டயர்கள் கத்தின. ஒரு சக்கர மூடி கழன்று உருண்டு மருந்துக்கடைப் படியேறி நின்றது. துரத்த வேண்டிய போலீஸ் வண்டி எங்கோ பின்தங்கிவிட்டது. மொனிக்குக்கு இந்த முறை வரச் சொல்லி யாரும் கை காட்டவே இல்லை. அவள் வேனை அணைத்துவிட்டு ஓரத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள். சந்திப்பு காலி. வலப்பக்கம் ஒரு புறாகூட இல்லை.

வண்டி சந்திப்புக்கு வந்து, நின்றது.

இண்டிகேட்டர் மினுக்கியது. தொப்பி மெதுவாக வலப்பக்கம் திரும்பி, காலித் தெருவைப் பார்த்தது. "யாருக்காக நிக்கறாங்க?" என்று காதர் முணுமுணுத்தான். லுசியான் கேமராவை நிறுத்தவில்லை. பிற்பாடு அளந்து பார்த்தபோது அது பதினோரு நொடி.

பிறகு இஞ்சின் உறுமியது. வண்டி திடலுக்குள் பாய்ந்து, நான் காலையெல்லாம் அடுக்கிய கோபுரத்துக்குள் தலைகுப்புற நுழைந்தது. எங்கள் மலை வெங்காயம் இனிப்பு ரகம், கண் கரிக்காது என்று சொல்லி விற்பார்கள். நாலு டன் ஒரே நேரத்தில் நசுங்கினால் கரிக்கும். வெங்காயச் சரிவிலிருந்து ரெஜீன் தொப்பியில்லாமல் ஊர்ந்து வெளியே வந்தபோது காதர் அழுதான், மொனிக் அழுதாள், பஸ்கால் சீருடைக் கையால் துடைத்துத் துடைத்து அழுதார். தெருவோரத்தில் கேக் டப்பாவோடு வந்து நின்றவர்களும் அழுதார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

"எடுத்தீங்களா லுசியான்?" என்று கேட்டார் ரெஜீன்.

"எல்லாத்தயும் எடுத்தேன். நாப்பது வருஷத்துல எந்தக் கல்யாணத்துலயும் இவ்வளவு பேர் அழுது நான் பாத்ததில்ல."

படம் நல்ல படம் என்று நான் சொல்லமாட்டேன். முதல் அரைமணி நேரம் தேவையில்லை. துரோகம் செய்பவன் யார் என்பது அவன் மீசையிலேயே தெரிந்துவிடுகிறது. காதர் சில இடங்களில் நன்றாக நடித்திருக்கிறான். அந்தப் பதினோரு நொடியைப் பற்றி மட்டும் இன்னும் நான் முடிவுக்கு வரவில்லை. எங்கள் ஊர்த் திரையரங்கில் அந்த இடம் வந்தபோது முந்நூறு பேர் மூச்சு விடவில்லை. எனக்கு முன்வரிசையில் ஒரு கிழவர் தலையைத் திருப்பி, அரங்கின் வலப்பக்கச் சுவரை உற்றுப் பார்த்தார்.

பாரிசிலிருந்து படத்தை வாங்க ஒருவர் வந்தார். மெல்லிய கண்ணாடி, பணிவான குரல். பள்ளிக்கூட அறையில், சாலைக் குறிகள் ஒட்டிய சுவருக்குக் கீழே உட்கார்ந்து பேசினார். பக்கத்தில் நானும் லுசியானும் இருந்தோம்.

"எல்லாமே நல்லாருக்கு மேடம். நூறு தியேட்டர்ல போடறேன். ஒண்ணே ஒண்ணு. நடுவுல அந்த வண்டி சும்மா நிக்குதே, அத மட்டும் எடுத்துடுங்க. துரத்துற படத்துல யாரும் நிக்க மாட்டாங்க."

"வெட்டறது ரெண்டு நிமிஷ வேலதான் ரெஜீன்," என்றார் லுசியான், கிட்டத்தட்டக் கெஞ்சலாக. "இன்னிக்கே செஞ்சிடலாம். எட்டு வருஷத்த நெனச்சுப் பாரு."

ரெஜீன் நினைத்துப் பார்த்ததாகத்தான் எனக்குத் தோன்றியது. சுவரில் இருந்த, வலப்பக்கத்துக்கு வழி விடச் சொல்லும் முக்கோணக் குறியை வெகுநேரம் பார்த்தார். பிறகு காபிக் கோப்பைகளை எடுத்துக் கழுவி வைத்தார். "பத்து மணிக்கு எனக்கு ஒரு வகுப்பு இருக்கு," என்று சொல்லிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

படம் எங்கள் ஊரில் மட்டும் மூன்று வாரம் ஓடியது, பதினோரு நொடியோடு. ஏன் என்று அவரிடம் காதர் கேட்டிருக்கிறான், மொனிக் கேட்டிருக்கிறாள். ஒருநாள் அவர் என்னை வண்டியில் ஏற்றி வீட்டில் விட்டபோது நானும் கேட்டேன். சீட் பெல்ட்டைப் போடச் சொன்னார்.