வீட்டுச் சிரிப்பு

என் கணவருக்கு அடி வாங்குவதுதான் வேலை. சினிமாவில் ஃபைட்டர். கதாநாயகன் காலைத் தூக்கினால் இவர் பறக்க வேண்டும். மேசை, கண்ணாடி, தக்காளி வண்டி என்று எதன்மேல் விழச் சொல்கிறார்களோ அதன்மேல் விழ வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் நடித்த படம் டிவியில் வந்தால் நான் கண்ணை அகல விரித்துக்கொண்டு தேடுவேன். "தோ, அந்தப் பச்சை பனியன்" என்பார். நான் பச்சை பனியனைக் கண்டுபிடிப்பதற்குள் அது சாக்கடையில் விழுந்து கிடக்கும். பம்மலில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இவர் சினிமாக்காரர் என்பதே தெரியாது. அடிக்கடி கையில் கட்டோடு வருவதைப் பார்த்துவிட்டு, ஏதோ பட்டறையில் வேலை செய்கிறார் என்று நினைத்திருந்தார்கள்.

முகம் தெரியாமல் இருந்தவரை எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஞானம் எனக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. அப்போதெல்லாம், இத்தனை வருஷம் உடம்பைப் புண்ணாக்கிக்கொள்கிற மனுஷனுக்கு ஒரு க்ளோசப் வைத்தால் குடியா முழுகிவிடும் என்று நானே புலம்பியிருக்கிறேன்.

அவருடைய சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது சட்டென்று வராது. முதலில் சத்தமே இல்லாமல் தோள் குலுங்கும். பிறகு தொண்டையில் விக்கல் மாதிரி ஒன்றிரண்டு. மோட்டார் போட்டதும் குழாயில் முதலில் வெறும் காற்று வந்து, திணறி, அப்புறம் தண்ணீர் கொட்டுமே, அப்படிக் கடைசியில் கொட்டும். கண் நிறைந்துவிடும். வெளியாட்கள் முன்னால் அவர் அப்படிச் சிரிக்க மாட்டார். வெளியே அவர் கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்குகிற ஆள். அந்தச் சிரிப்பு எங்கள் மகளுக்குத்தான். பள்ளிக்கூடத்து மிஸ் நடக்கிற மாதிரி அவள் நடந்து காட்டுவாள், வாயில் வைக்க முடியாத கடி ஜோக் சொல்வாள், அப்பாவின் தோளையே பார்த்துக்கொண்டு நிற்பாள். குலுங்க ஆரம்பித்ததும், "அம்மா, வருது, வருது!" என்று என்னைக் கூப்பிடுவாள். எட்டாவதுக்கு வந்தபிறகும் அந்த விளையாட்டை மட்டும் அவள் விடவில்லை.

அவர் முகம் தெரிந்த அந்தப் படம் வந்தது இப்படித்தான். ஆக்‌ஷன் படம், ஆனால் கருத்துள்ள படம். கதாநாயகன் பஸ் டிரைவர். பஸ்ஸில் பெண்களிடம் வம்பு செய்கிறவர்களை நடு ரோட்டில் இறக்கிப் புரட்டி எடுப்பான். கடைசியில், "பார்த்துட்டு எறங்கிப் போயிடாதீங்க, யாருன்னு கேளுங்க" என்று ஜனங்களைப் பார்த்துச் சொல்வான். என் கணவருக்கு, பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கும் நான்கு பொறுக்கிகளில் ஒருவன் வேஷம். ஜன்னல் வழியாகப் பறப்பதற்காகத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார்.

"டைரக்டர் என்னையே பாத்துகினு இருந்தாருமே. 'உன் மூஞ்சி பக்கத்து வூட்டு ஆளு மாதிரி கீது, அதான் எனக்கு வேணும், நீங்க வம்பு பண்ற பொண்ணு அழும்போது நீ சிரிக்கணும்'னாரு. நானும் படத்துல சிரிக்கற மாதிரி ஹா ஹான்னேன். 'அது வேணாம்யா, வூட்ல புள்ளையோட எப்டி சிரிப்பியோ அப்டி சிரி'ன்னாரு. சிரிச்சேன். செட்டே கப்சிப். ஃபைட் மாஸ்டரே வந்து தோள்ல தட்னாரு."

நானும் சந்தோஷப்பட்டேன். மகள் மறுநாளே வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

படம் வெளியானதும் குரோம்பேட்டையில் ஒரு தியேட்டரில் மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். பஸ் காட்சி வந்தது. அந்தக் கல்லூரிப் பெண் ஒடுங்கி ஒடுங்கி ஜன்னலோடு ஒட்டிக்கொள்கிறாள், அழுகிறாள். திரை முழுக்க என் கணவரின் முகம். தோள் குலுங்கியது. விக்கல் மாதிரி ஒன்றிரண்டு வந்தது. பிறகு கொட்டியது. முன் வரிசையில் ஒரு அம்மா, "பாவி, உனக்கு அக்கா தங்கச்சி இல்ல?" என்று வாய்விட்டுச் சொன்னாள். கதாநாயகன் இவரை ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தபோது தியேட்டரே எழுந்து விசிலடித்தது. இவர் இருட்டில் எங்கள் பக்கம் திரும்பி, எப்படி என்பதுபோல் புருவத்தைத் தூக்கினார். மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் ஓடு ஓடு என்று ஓடியது. அதைவிட அந்தச் சிரிப்பு ஓடியது. யாரோ அதை மட்டும் வெட்டி எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஷேர் ஆட்டோவில், டீக்கடையில், பக்கத்து மாடிப் பையனின் போனில் எங்கு திரும்பினாலும் எங்கள் வீட்டுச் சிரிப்பு. நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறேன். அங்கே சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி அதைப் போட்டுக் காட்டி, "இவன் மூஞ்சியப் பாரேன், நெஜத்துலயும் இப்படித்தான் இருப்பான்" என்றாள். நான் டப்பாவை மூடினேன். "அது என் வீட்டுக்காரர்டி" என்றேன். அவள் மன்னிப்பெல்லாம் கேட்டாள். ஆனால் அதற்குப் பிறகு, கடை மூடும் நேரத்தில் இவர் என்னைக் கூப்பிட வந்தால் பெண்கள் இரண்டு எட்டு தள்ளியே நின்றார்கள்.

மகளின் வகுப்பில் பையன்கள் அவள் உள்ளே நுழையும்போதெல்லாம் அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டினார்களாம். அவள் என்னிடம் சொல்லவில்லை. வகுப்பு மிஸ் சொல்லித்தான் தெரியும்.

இவரோ ஒன்றையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஆட்டோல ஒரு அம்மா என்னைப் பாத்துட்டு எறங்கி வேற வண்டி ஏறிக்கிச்சு" என்று சொல்லிச் சிரித்தார். நான் எரிந்து விழுந்தேன். "இன்னாத்துக்கு பேஜார் பண்ற? நாலு பேரு கேக்கணும்னுதான படம் எடுத்தாங்க? கேக்குறாங்கன்னா படம் வேலை செய்துன்னு அர்த்தம்" என்றார். அவர் சொன்னது நியாயம்தானே.

ஒரு வெள்ளிக்கிழமை மகளுக்குப் பழைய சைக்கிள் ஒன்று பார்க்கலாம் என்று பல்லாவரம் சந்தைக்குப் போனோம். நான் செடிக் கடையில் ரோஜாப் பதியனுக்குப் பேரம் பேசிக்கொண்டு நின்றுவிட்டேன். அவர்கள் இருவரும் முன்னால் போனார்கள். அவளுக்குப் பிடித்த சைக்கிளின் பிரேக் சரியில்லை என்று அவர் வேண்டாம் என்றிருக்கிறார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நகர மறுத்திருக்கிறாள். கூட்டத்தில் தொலைந்துவிடுவாளோ என்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவள் உதறியிருக்கிறாள்.

நான் திரும்பிப் பார்த்தபோது அங்கே வட்டம் கூடியிருந்தது. தோளில் லேப்டாப் பை மாட்டிய ஒரு பெண், இருபத்து சொச்சம் இருக்கும், என் மகளுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"பாப்பா, யாரு இவரு? உனக்குத் தெரிஞ்சவரா?"

"எம் பொண்ணுமா" என்றார் இவர்.

"நீங்க பேசாதீங்க. பாப்பா, நீ சொல்லு. பயப்படாத."

என் மகள் வாயைத் திறக்கவில்லை. செடியைப் போட்டுவிட்டு நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடுகிறேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். "டேய், இவன் அந்த பஸ் படத்துல சிரிப்பானே, அவன்டா" என்று ஒரு குரல். ஒருவன் காலரைப் பிடித்தான். இன்னொருவன் போனை நீட்டிப் படம் எடுத்தான். என் கணவருக்கு அடி வாங்கத்தான் தெரியும், அடிக்கத் தெரியாது. காலரில் கை விழுந்ததும் பழக்கத்தில் உடம்பைத் தளர்த்திக்கொண்டு, விழுவதற்குத் தயாராக நின்றார்.

"கைய எடுடா! அவ அப்பாடா அவரு!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கூண்டிலிருந்த புறாக்களெல்லாம் படபடத்தன. கூட்டம் கலைந்தது. காலரைப் பிடித்தவன் அதைத் தடவிச் சரிசெய்துவிட்டு, "சாரிண்ணா, செம ஆக்டிங்ணா" என்று செல்ஃபி கேட்டான். அவனை அறைந்திருப்பேன்.

அந்தப் பெண் மட்டும் போகாமல் நின்றாள். கண் கலங்கியிருந்தது. "சாரிக்கா. ஆனா கேக்காம போக முடியலக்கா" என்றாள்.

அவளைத் திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் கதவோரம் ஒருவன் என்னை நசுக்கிக்கொண்டு நின்றான். நான் அழுததை எத்தனையோ பேர் பார்த்தார்கள். பேப்பரை மடித்துப் பிரித்தார்கள், அவரவர் ஸ்டேஷனில் இறங்கிப் போனார்கள். யாராவது ஒருத்தர் கேட்க மாட்டார்களா என்று கிண்டிவரை ஏங்கினேன். அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியவள் இவள்தான். இத்தனை வருஷம் கழித்து வந்திருக்கிறாள், என் கணவரின் காலருக்கு. அவள் கையைப் பிடித்து, "நல்லா இரும்மா" என்றேன். நெஞ்சு மட்டும் கொதித்துக்கொண்டே இருந்தது. யார்மேல் அதைக் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "ஒரு வார்த்தை, அப்பான்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வலிச்சுதா?"

அவள் அழுதாள். "சொல்லத்தான்மா வந்தேன். அந்த அக்கா கேட்டதும் அப்பா என்னப் பார்த்து சிரிச்சாரு. பயப்படாதன்னு சிரிச்சாரு. எனக்குத் தெரியும்மா. ஆனா தோள் குலுங்குச்சு. பஸ்ல அந்தப் பொண்ணு அழும்போது குலுங்குமே, அதே மாதிரி. எனக்குப் பேச்சே வரல."

எங்கள் வீடு இரண்டே அறை. இவர் அடுத்த அறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். ஹேங்கர் சத்தம் நின்றது. வெளியே வந்து, "டீ போடறியா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் சிரிக்கவில்லை. டிவியில் காமெடி ஓடும்போது ஏதாவது வேலை வைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். மகளுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே அவர் முன்னால் போய் நின்று, புதிதாக வந்த கணக்கு சார் எப்படிக் கண்ணாடியைத் தேடுவார் என்று நடித்துக் காட்டினாள். தலையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடினாள். எனக்கே தாங்கவில்லை. அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அவள் நடிப்பதை நிறுத்திவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் கால் ஒரு அடி பின்னால் போனது. அவள் வேண்டுமென்று வைத்த அடி இல்லை அது. அவர் அதைப் பார்த்துவிட்டார். "மோட்டார் ஓடிகினு கீது, நிறுத்திட்டு வரேன்" என்று வெளியே போனார். மோட்டார் போடவே இல்லை.

போன வாரம் காலையில் மகள் பள்ளிக்குக் கிளம்பிப் போனபிறகு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவர் ஏதோ செய்வது கேட்டது. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் "ஹெஹெஹெ" என்று ஒரு சிரிப்பு. நின்றது. பிறகு வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று ஒன்று. அதுவும் சரிவரவில்லை போலிருக்கிறது. பெரிதாக "ஹா ஹா ஹா" என்று பழைய பட வில்லன் மாதிரி ஒன்று. அந்தப் படத்துக்கப்புறம் அவருக்கு வேஷங்கள் வந்துகொண்டிருந்தன. கதவைத் திறந்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவரிடம், "என்ன, புதுப் படமா? இதுலயும் சிரிக்கணுமா?" என்றேன்.

அவர் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

"படத்துக்கு இல்லமே" என்றார். "வூட்டுக்கு."