இடது மரை அழிக்கணும்

பாதாளக்கரண்டியைச் சாக்குப்பையில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஒரு கண்டுபிடிப்பின் சோதனையைப் பார்க்கப் போனவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கிணற்றில் விழுந்த குடத்தையும் வாளியையும் துழாவித் தூக்குகிற அந்தக் கொக்கிக் கொத்துக்கு எண்ணெய் போட்டு, புதுக் கயிறு கட்டி எடுத்துக்கொண்டேன். விழப்போகிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். விழட்டும் என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் கிடையாது.

எங்கள் தோப்பு பொள்ளாச்சி தாண்டி, கோபாலபுரம் செக்போஸ்டுக்குக் கேரளப் பக்கம். நான் எலக்ட்ரிகல் படித்தது பாலக்காடு டவுனில். சொல்லிக்கொடுத்த சார் மலையாளி. அதனால் வீட்டிலும் தோப்பிலும் தமிழ் பேசுகிற எனக்கு, ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் மலையாளம் வந்துவிடும். நட்டைக் கழற்று என்று சொல்ல வராது, ‘அழி’ என்றுதான் வரும். மலையாளத்தில் அழிப்பது என்றால் கழற்றுவது, அவிழ்ப்பது. தமிழில் எழுதும்போதும் அப்படியேதான் எழுதுவேன். எங்கள் பக்கத்து மெக்கானிக் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு, யாரும் அதைக் கவனித்ததுகூடக் கிடையாது.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டை ஒட்டிய ஷெட்டில் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரிகளைப் பழுது பார்க்க ஆரம்பித்தேன். ஒரு பேட்டரி செத்துவிட்டது என்று கொண்டுவந்து போடுவார்கள். பிரித்தால் உள்ளே பாதி லித்தியம் செல்கள் நன்றாகவே இருக்கும். நல்லதைப் பொறுக்கி, சோலாரில் சார்ஜ் ஏற்றி, தோப்புக்குச் சொட்டுநீர் விடச் சின்ன மோட்டார் ஓட்டினேன். மாசி வரைக்கும் ஓடியது. பங்குனி வெயிலில் பேட்டரிப் பெட்டியில் கை வைக்க முடியவில்லை. ஓலை போட்டேன், ஈரச்சாக்கு போட்டேன், ஒன்றும் பலிக்கவில்லை. சூட்டில் செல்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் கிணற்றில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான், நான் குளிர்ச்சிக்கு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன், பேட்டரியை மட்டும் ஏன் வெயிலில் வைத்து வேகவிடுகிறேன் என்று தோன்றியது.

பழைய பால் கேன் ஒன்றை எடுத்து, மூடிக்கு இரட்டை ரப்பர் வளையம் போட்டு, செல்களை உள்ளே அடுக்கித் தண்ணீருக்குள் இறக்கினேன். கேனுக்கு அடியிலேயே மோட்டார். கிணற்றுக்குள் முன்னோர் குறுக்கே போட்டிருந்த இரும்புத் தண்டவாளம் தண்ணீருக்குள் முழுகிக் கிடந்தது. அதை ஒரு கொக்கி கவ்விப் பிடிக்கும். ஆள் உள்ளே இறங்க வேண்டாம், மேலே நின்று நீளமான பைப்பைத் திருகினால் கொக்கி இறுகும், திருப்பித் திருகினால் விடும். அந்தக் கொக்கிதான் என்னை ஒரு வருஷம் பாடாய்ப் படுத்தியது.

முதல் கொக்கி ஏழாவது தடவை மோட்டார் போட்டபோது தானாகக் கழன்று, கேனும் மோட்டாருமாக அடிச்சேற்றில் போய் உட்கார்ந்தது. கேனுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு மத்தியானம் முழுக்கப் பாதாளக்கரண்டியைப் போட்டுத் துழாவினார்.

“ஏம்புள்ள, மீன் புடிக்கோணும்னா சொல்லீரு, தூண்டில் வாங்கியாறேன்” என்று ஒவ்வொரு தடவையும் கரண்டியை வீசும்போது சொன்னார்.

யோசித்ததில் காரணம் புரிந்தது. மோட்டார் போடும்போதெல்லாம் கேன் ஒரு வெட்டு வெட்டித் திரும்புகிறது. அந்த வெட்டு கொக்கியின் திருகு மரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறது. சைக்கிளில் இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கமாக வெட்டியிருப்பார்களே, மிதிக்க மிதிக்க இறுகுவதற்காக, அதே வைத்தியம்தான் இதற்கும். காயலாங்கடையில் ஒரு பழைய சாணை மிஷினின் தண்டு கிடைத்தது. அதன் ஒரு முனையில் இடது மரை இருந்தது. வெட்டி எடுத்துக் கொக்கியில் பொருத்தினேன். மோட்டார் வெட்ட வெட்ட, கொக்கி இன்னும் கெட்டியாகப் பிடித்தது. நூறு தடவை போட்டு நிறுத்தினேன். அசையவில்லை. அன்றைக்கு நான் கிணற்று மேட்டில் நின்று கத்திய கத்தலில் பக்கத்துத் தோப்பிலிருந்து ஆள் ஓடிவந்துவிட்டது.

இதையே நாலு பேருக்குச் செய்து கொடுக்கலாம் என்று பொள்ளாச்சிப் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் என் வீட்டுக்காரருக்குத் தூரத்துச் சொந்தம், எனக்கு அண்ணன் முறை. நெற்றியில் திருநீறு, வாய் நிறைய அம்மிணி. அளவு பார்க்க வேண்டும் என்று என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

“நீ போயி ஊட்டு வேலையப் பாரு அம்மிணி. அண்ணன் பாத்துக்கறேன்” என்றார்.

பாவி, பார்த்துத்தான் கொண்டார். ஆறு மாசம் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். பிறகு எங்கள் விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. பளபளவென்று எவர்சில்வர் கேன், பக்கத்தில் சால்வை போர்த்திக்கொண்டு இவர். ‘தண்ணீருக்கடியில் லித்தியம் பேட்டரி: லேத் பட்டறைக்காரரின் அரிய கண்டுபிடிப்பு’. காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டதாம். கேரள விவசாயத் துறையின் கிருஷி ஆபீஸ் சோதித்துப் பார்த்துத் திருப்தி என்றால் நம் பக்கத்து விவசாயிகளுக்கு மானியத்தில் கிடைக்குமாம். என் குழுவில், என் ஊர்க்காரர்களே கை தட்டுகிற பொம்மைகளாகப் போட்டுத் தள்ளியிருந்தார்கள்.

அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். நாலு வேலையாட்கள் முன்னாடி சிரித்துக்கொண்டே சொன்னார்:

“நீ சொன்னது ஒரு ரோசன, அம்மிணி. நான் செஞ்சது சாமான். ரோசன ஆருக்கு வேணும்னாலும் வரும். பால் கேனு, காயலாங்கடத் தண்டு, இதயெல்லாம் வெச்சுட்டு நீ கண்டுபுடிச்சேன்னு சொன்னா ஊரு சிரிக்காது?”

“என்ற நோட்டப் பாத்துத்தானுங்ணா செஞ்சீங்க?”

“எந்த நோட்டு? நான் எந்த நோட்டயும் பாக்குல.”

ஊர் சிரித்ததோ இல்லையோ, அந்த நாலு பேர் சிரித்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் அழுதேன். அழுகை அந்தக் கேனுக்காக அல்ல. அது என்னுடையது என்று சொல்ல எனக்கு ஒரு சாட்சி இல்லை. என் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, அவர் செய்த சாமானைப் பார்த்து நான் பிறகு எழுதிக்கொண்டேன் என்று அவர் சொல்லிவிட்டால் என்ன செய்ய முடியும்? என் பெயரை என்னிடமிருந்தே உருவிக்கொண்டு போய்விட்டார்.

அவர் அச்சடித்த நோட்டீஸ் ஒன்று கைக்கு வந்தது. கொக்கியின் படம் பெரிதாகப் போட்டிருந்தார். கிழித்துப் போடலாம் என்று எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மரை சாதாரண மரை. வலது மரை. இந்த மனுஷன் இத்தனை வருஷமாக லேத் ஓட்டுகிறவர், பார்த்துக் காப்பியடிக்கக்கூடவா தெரியாது? நோட்டை எடுத்துப் புரட்டினேன். கொக்கியின் படத்தில், மரைக்குப் பக்கத்தில் ஒரு வளைந்த அம்புக்குறி. அதன் நுனியில் என் கையெழுத்தில் மூன்றே வார்த்தை: ‘இடது மரை அழிக்கணும்.’

எந்தப் பக்கம் திருகிக் கழற்ற வேண்டும் என்று எனக்காக நான் எழுதி வைத்தது. செக்போஸ்டுக்கு அந்தப் பக்கத்து ஆள் அதை எப்படி வாசிப்பார்? இடது மரை வேண்டாம், அதைப் படத்திலிருந்து நீக்கிவிடு என்றுதானே? பொம்பளை காயலாங்கடையில் கிடைத்ததை மாட்டி வைத்துவிட்டு, தப்பு என்று தனக்குத்தானே குறித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார். நீக்கிவிட்டார். ஒரு போன் போட்டு, ஏன் அம்மிணி இது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். திருடினவன் எப்படிக் கேட்பான்?

அடுப்படியில் நின்று நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து வீட்டுக்காரர் பயந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

“சொல்லீரு புள்ள. கெணத்துக்காரன் என்ன பாவம் பண்ணுனான்?” என்றார்.

“கெணத்துக்குள்ள ஆரும் எறங்கப்போறதில்லீங்க. கேனும் ஒடையாது, நம்முளுது ஒடஞ்சுதா? கரண்டி நான் கொண்டுபோறேன். நானே எடுத்தும் குடுக்கறேன். ஆனா விழட்டும்.”

கரண்டிக்குப் புதுக் கயிறை வீட்டுக்காரர்தான் வாங்கிக்கொண்டு வந்தார்.

சோதனை எங்கள் பக்கத்து ஒரு தோப்பில், காலை பத்து மணிக்கு. கிருஷி ஆபீஸிலிருந்து ஒரு என்ஜினீயர் அம்மா வந்திருந்தார், மலையாளி. கிணற்று மேட்டைச் சுற்றி முப்பது நாற்பது பேர். அண்ணன் வெள்ளை வேட்டியில் நின்று பைப்பைத் திருகினார். கொக்கி கவ்வியது. மோட்டார் ஓடியது. தென்னை மரத்தடியில் தண்ணீர் சொட்டியதும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

என்ஜினீயர் அம்மா பேனாவைத் திறந்தார். இனி விட்டால் போச்சு என்று முன்னால் போனேன்.

“மேடம், சொட்டுநீருக்கு ஒவ்வொரு வரிசைக்கும் வால்வு மாத்தோணும். அப்பெல்லாம் நிறுத்தி நிறுத்தித்தானுங்க போடுவோம். ஒரு பத்து தடவ போட்டுப் பாத்தாத் தேவலைங்க.”

“செரியான காரியமல்லே சொல்றது” என்றார் அந்த அம்மா. “பத்து தடவ போடுங்கோ.”

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். பத்தென்ன, நூறு போடலாம் என்றார். பட்டறைத் தொட்டியில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்த தைரியம். ஒன்று. இரண்டு. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆறாவது தடவை கேபிள் லேசாக ஆடியது. ஏழாவது தடவை சுவிட்சைப் போட்டார்.

தொபுக்கென்று ஒரு சத்தம். மேலே இருந்த கேபிள் விறுவிறுவென்று உள்ளே ஓடியது. தண்ணீருக்கு மேல் நாலு குமிழி வந்தது. சொட்டுநீர் நின்றுவிட்டது.

நான் ஸ்கூட்டருக்குப் போய்ச் சாக்குப்பையை எடுத்துவந்து, பாதாளக்கரண்டியைக் கிணற்று மேட்டில் ணங்கென்று வைத்தேன்.

“இந்தாங்ணா. புதுக் கவுறுதான்.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. நான் பில்லி சூனியம் வைத்துவிட்டதுபோல் என்னைப் பார்த்தார்.

“வலது மரையாங்ணா போட்டீங்க?” என்றேன். “மோட்டார் வெட்டுனா கழண்டுக்குமுங்களே. இதுகூடத் தெரியாமயா கண்டுபுடிச்சீங்க?”

அவ்வளவுதான். மனுஷன் பொங்கிவிட்டார்.

“ஏன் அம்மிணி, என்னயக் கேக்கறே? இடது மரைய அழிக்கோணும்னு உன்ற நோட்டுல நீதான எழுதி வெச்சிருந்தே!”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. அவருடைய வேலையாட்கள் இரண்டு பேர் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டார்கள்.

“ஏது நோட்டு?” என்று கேட்டார் என்ஜினீயர் அம்மா.

நோட்டு என் கைப்பையிலேயே இருந்தது. பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தேன். தமிழ் எழுத்து அவருக்கு வராது. நான் வாசித்தேன்: இடது மரை அழிக்கணும். அவர் அண்ணனைப் பார்த்தார்.

“அழிக்கணும்னா கழட்டணும்னு அல்லே அர்த்தம்? ஸ்கூல் பிள்ளைக்கும் தெரியுமே. நீங்க என்னன்னு நினைச்சு?”

அண்ணன் என்ன நினைத்தார் என்று நாற்பது பேருக்கும் விளங்கிவிட்டது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்று மேட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கரண்டியை வீசி, மூன்றாவது வீச்சிலேயே கேனைத் தூக்கிக் கொடுத்தேன். பழக்கம்.

அதன்பிறகு ஒரு மாசம் சொந்தக்காரர்கள் சமாதானம் பேச வந்தார்கள். போனால் போகிறது, இரண்டு பேர் பெயரையும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். முடியாது என்றேன். கல்நெஞ்சக்காரி என்றார்கள். ஆமாம் என்றேன். கடைசியில் அவரே விண்ணப்பத்தின் நகலை எடுத்துக்கொண்டு என் ஷெட்டுக்கு வந்தார். திருநீறு இருந்தது, சால்வை இல்லை. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

“என்னுங்க பண்ணோணும் இப்ப?” என்றார். முதல்முதலாக எனக்கு அந்த ‘ங்க’ கிடைத்தது.

பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

“அழிங்ணா” என்றேன். “உங்கூர் அர்த்தத்துல.”