எருமைக்குள் பேசிக்கொண்டவர்கள்

எங்கள் அத்தான் வாயைத் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். குடிக்கத் தண்ணீர் கேட்பதும் அந்தக் குரலில்தான். ராணுவத்துக்குக் கவச வண்டி செய்யும் கம்பெனியில் அவர் சோதனை ஓட்டுநர். புதிதாகச் செய்த வண்டியை மணலிலும் சேற்றிலும் பள்ளத்திலும் விட்டு, எது உடைகிறது என்று பார்க்க வேண்டும். வருஷக்கணக்காக இன்ஜினை ஒட்டியே உட்கார்ந்ததில், வண்டி உடைவதற்கு முன்னால் அவர் காது உடைந்துவிட்டது. ஷெட்டில் அவருக்கு 'ஹாரன்' என்று பேர்.

காது மிஷின் வாங்கி மாட்டிவிட்டோம். கொஞ்ச நாளில் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார். "பாத்திரம் விழுந்தா கேக்குது, பஸ் போனா கேக்குது. உங்க அக்கா பேசறது மட்டும் கேக்கல மாப்ளே!" என்று தெருவுக்கே அறிவித்தார்.

அக்கா குரல் அப்படி. பள்ளிக்கூடத்தில் அவள் "உள்ளேன் ஐயா" சொன்னது காதில் விழாமல் வாத்தியார் ஆப்சென்ட் போட்டிருக்கிறார். அவளுக்கு வாய்த்த புருஷனுக்குக் காது போனது யார் செய்த வேடிக்கையோ. குடியிருந்தது கம்பெனி குவார்ட்டர்ஸ். ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். அவர் காதில் விழுகிற மாதிரி கத்தினால் வரிசை முழுக்கக் கேட்கும். கேஸ் தீர்ந்துவிட்டது, மழை வருகிறது, இதையெல்லாம் கத்தலாம். ஒரு பெண் புருஷனிடம் சொல்ல நினைப்பதில் கத்திச் சொல்லக்கூடியது ரொம்பக் கொஞ்சம். அக்கா மெல்ல மெல்லப் பேச்சையே விட்டுவிட்டாள். அவசரமென்றால் சமையலறையில் தொங்கும் சிலேட்டில் 'பால் இல்லை' என்று எழுதி நீட்டுவாள்.

அந்தச் சமயத்தில்தான் எருமை வந்தது. ராணுவம் புதிய கவச வண்டிகள் வாங்கப் போகிறது, மூன்று கம்பெனிகள் போட்டி, ஜெயித்த கம்பெனிக்குத்தான் ஆர்டர் என்றார்கள். போட்டிக்கென்று நாங்கள் செய்தது ஒரே வண்டி. நிறத்தையும் நடையையும் பார்த்து ஃபோர்மேன் அதற்கு எருமை என்று பேர் வைத்தார். எருமை ஜெயித்தால் எங்கள் எல்லோருக்கும் பல வருஷத்துக்கு வேலை. அத்தானுக்கு, சிப்பாய்களுக்கு ஓட்டக் கற்றுத்தரும் வேலை.

நான் அங்கே எலக்ட்ரீஷியன். வண்டிக்குள் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஹெட்செட் உண்டு. காதை இறுக்கி மூடும், மைக் உதட்டைத் தொடும். அந்த ஒயரிங் என் கைவேலை. அக்காவும் அதே கம்பெனியில் தையல் பிரிவு. சீட் உறை மாட்ட ஒரு நாள் எருமைக்குள் ஏறினாள். மேலே கமாண்டர் சீட்டில் தொங்கிய ஹெட்செட் அவள் கையில் இடித்துக்கொண்டே இருந்தது. "தலையில மாட்டிக்கோயேன், கைக்குத் தடங்கலா இருக்காது" என்றேன். மாட்டிக்கொண்டு, வழக்கம்போலத் தனக்குத்தானே முணுமுணுத்தாள். "இந்தத் தையல் ஏன் இப்படி இழுக்குது?"

"எது இழுக்குது?" என்று கேட்டார் முன்னால் ஓட்டுநர் குழியில் ஹெட்செட்டை மாட்டி உட்கார்ந்திருந்த அத்தான்.

சாதாரணக் குரலில் கேட்டார். அவர் அந்தக் குரலில் பேசி நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அக்கா ஊசியை உறையிலேயே குத்திவிட்டு, மைக்கை உதட்டோடு சேர்த்தாள்.

"ஏங்க, கேக்குதா?"

"கேக்குதே. நல்லாக் கேக்குதே."

அதற்குப் பிறகு மதிய இடைவேளையில் இரண்டு பேரும் எருமைக்குள்தான். அவர் குழி முன்னால், அவள் சீட் பின்னால் உயரத்தில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. "புது ஜோடி உள்ள இருக்கு, கதவைத் தட்டிட்டுப் போங்கப்பா" என்று ஷெட்டே கிண்டல் செய்தது. ஒரு தடவை வெட்கமில்லாமல் மூன்றாவது ஹெட்செட்டை மாட்டி ஒட்டுக் கேட்டேன். சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி அவ்வளவு ஆசையாக இரண்டு பேர் பேசி நான் கேட்டதில்லை. பேசி முடித்த பிறகும் மைக்கை அணைக்க அத்தான் விடமாட்டார். "மூச்சு கேக்கணும் மாப்ளே. கேட்டாத்தான் பின்னாடி ஆள் இருக்குன்னு அர்த்தம். டிரைவர் புத்தி" என்பார்.

எருமை போட்டிக்குப் போனது. கூடவே அத்தானும். எங்கோ தூரத்தில், மாதக்கணக்கில். அந்த இடைவெளியில்தான் அக்காவுக்கு வயிற்றில் வலி ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் என்னைத் தனியாக வெளியே அழைத்துச் சொன்னதை, அக்கா பின்னாலேயே வந்து நின்று கேட்டுவிட்டாள். இனிமேல் செய்வதற்கு அதிகம் இல்லை என்றார்.

"அவர்கிட்ட நான் சொல்றேன். நீ வாயைத் திறந்தே, அவ்வளவுதான்."

"எப்படிக்கா சொல்வே?"

"வண்டி வரட்டும். அதுல உக்காந்து சொல்றேன்."

"அதுவரைக்குமா? எழுதிக் காட்டேன்."

என்னை ஒரு முறை முறைத்தாள். "'பால் இல்லை'ன்னு எழுதற சிலேட்டுல இதையும் எழுதணுமா? அவர் படிக்கறப்போ அந்த முகத்தைப் பார்த்துட்டு நான் நிக்கணுமா?"

எருமைக்காகக் காத்திருந்தோம்.

எருமை மணலில் சிக்கவில்லை. தண்ணீரைத் தாண்டியது. குறி தப்பாமல் சுட்டது. ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது. காரணம் கேட்டால் 'ஒட்டுமொத்த மதிப்பீடு' என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லட்டும். இன்றைக்கும் அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

அத்தான் ஒரு பையோடு தனியாக வந்து இறங்கினார். "வண்டி வராது! திருப்பிக் கொண்டுவர்றது தண்டச் செலவாம். அங்கேயே நிறுத்தி, பீரங்கிப் பயிற்சிக்குக் குறியா வச்சுச் சுடப் போறாங்களாம்!" தெருவே வெளியே வந்து உச்சுக் கொட்டியது. வாசலில் நின்ற அக்கா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

அவளால் சொல்ல முடியவில்லை. "ஏன் இப்படி இளைச்சுட்டே?" என்று அவர் கேட்பது வரிசை முழுக்கக் கேட்கும். வெயில் என்று கையால் ஜாடை காட்டுவாள்.

சுடுவதற்கு முன்னால் உதவுகிற பாகங்களைக் கழற்றிவர ஃபோர்மேனோடு என்னையும் அனுப்பினார்கள். இரண்டு ஹெட்செட்டும் அவற்றை இணைக்கிற பெட்டியும் வேண்டும் என்று அவரிடம் கேட்டு, எதற்கு என்பதையும் சொன்னேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "அது தண்ணில நனைஞ்சு வீணாப் போச்சு. எடுத்து வெளிய போடு" என்றார். எருமையின் வயிற்றுக்குள் உட்கார்ந்து ஒயரை அறுத்தபோது, அக்கா தைத்த உறை அப்படியே புதிதாக இருந்தது.

பெட்டியைப் பழைய லாரி பேட்டரியில் இணைத்தேன். ஒரு ஹெட்செட் முன்னறையில், ஒன்று சமையலறையில். அத்தானுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டேன். உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. பக்கத்து வீட்டம்மா வழக்கம்போலத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். அத்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஹெட்செட்டை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார். அக்கா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, அடுப்பைப் பார்த்து மெல்லப் பேசிக்கொண்டிருந்தாள். நான் திரும்பவும் படிக்கே வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து அவர்கள் அதை மாட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். போகப் போக அக்காவுக்குப் பேசத் தெம்பில்லை. சமையலறையிலேயே பாயில் படுத்திருப்பாள், மைக் மட்டும் திறந்தே இருக்கும். அவள் போன விடியற்காலையில், முன்னறையில் இருந்த அவர்தான் முதலில் எழுந்து ஓடினார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கலைந்து போன பிறகு ஒரு நாள் அத்தான் கூப்பிட்டார். "மாப்ளே! சமையல்கட்டுக்குப் போய் அதை மாட்டிக்கோ!"

மாட்டிக்கொண்டேன். "சொல்லுங்க அத்தான். என்ன பேசணும்?"

"ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார் அந்த மெல்லிய குரலில். "பாத்திரம் கழுவு."

குழாயைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் காதுக்குள் மறுபடியும் அவர் குரல் வந்தது.

"அழாதே மாப்ளே. மூச்சு மாறுது."

தொட்டியில் ஒரு தட்டும் ஒரு தம்ளரும்தான் கிடந்தன. அவற்றையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.