ஏறக்குறைய ஒரு வருடம்

எனக்கு வயிறு எரிந்தது. சுற்றி வளைப்பானேன், சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடமாக எத்தனையோ நட்சத்திரங்களைப் பார்த்தும் எனக்கு ஒரு கோள்கூடச் சிக்கவில்லை. என்னோடு ஆய்வில் சேர்ந்த தோழி, தி.நகர் பாத்திரக்கடை வீட்டுப் பெண், ஒரே நட்சத்திரத்தை மூன்று வருடம் பார்த்தாள், கிடைத்துவிட்டது!

கோள் கண்ணுக்குத் தெரியாது. அது இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் கொஞ்சம் நம் பக்கம் வரும், கொஞ்சம் விலகும். அதன் ஒளியில் விழும் மெல்லிய நிறமாற்றத்தை வைத்து அந்த வேகத்தைக் கணக்கிடுவோம். மெரினாவில் வாக்கிங் போகிற மாமாவின் வேகம்தான் இருக்கும்.

மயிலாப்பூரில் காபி வாங்கிக் கொடுத்து வரைபடத்தை நீட்டினாள். கிண்டலென்றால் மெட்ராஸ் பாஷைதான் அவளுக்கு. "இன்னாடி, மூஞ்சி ஏன் இப்டி போவுது? நல்லா கீதா இல்லியா, சொல்லு."

கோள் ஒரு சுற்று சுற்ற முந்நூற்று எழுபது நாள் சொச்சம். எனக்குச் சுருக்கென்றது. பூமியும்தானே ஓடுகிறது? அந்த ஓட்டத்தைச் சரியாகக் கழிக்காவிட்டால், நம் வருடமே அங்கே போய்க் கோளாக உட்கார்ந்துகொள்ளும். அப்போதே சொல்லியிருக்கலாம். "சூப்பர்டி" என்றேன். நாலு பேர் முன்னால் கேட்டால்தான் என் எரிச்சல் அடங்கும் போலிருந்தது.

அடையாறில் ஒரு கருத்தரங்கில் தன் கோளைப் பற்றி அவள் பேசிய அன்று, பட்டினப்பாக்கம் நெரிசலில் மாட்டிப் பத்து நிமிடம் தாமதமாகப் போனேன். முடிந்ததும் முதல் ஆளாய்க் கையைத் தூக்கினேன்.

"பூமியோட வேகத்தை எதை வெச்சுக் கழிச்ச?"

"நீ எழுதிக் கொடுத்த புரோகிராம்தான்டி. அப்படியே போட்டேன்."

எப்போதோ எழுதிக் கொடுத்தது, எனக்கே மறந்துபோயிருந்தது. அங்கேயே திறந்து பார்த்தோம். அந்தக் கழித்தலுக்கு வேண்டிய நட்சத்திரத்தின் இடத்தைப் பழைய பட்டியலிலிருந்து நான்தான் எடுத்து எழுதியிருந்தேன். வேகமாக நகரும் நட்சத்திரம் அது. பட்டியல் போட்ட பிறகு எவ்வளவு நகர்ந்தது என்பதை நான் சேர்க்கவே இல்லை. திருத்தி ஓட்டியதும் கோள் காணாமல் போயிற்று.

எல்லோரும் எழுந்து போனார்கள். அவள் திரையை முதல் பக்கத்துக்குத் தள்ளினாள். கண்டுபிடித்தவர்கள் என்று அவள் பெயர், பக்கத்தில் என் பெயர்.

"லேட்டா வந்தியே, பாத்திருக்க மாட்ட. உன் புரோகிராம் இல்லாம ஏது கோள்னு போட்டேன்." திரையை அணைத்துவிட்டு, "காபி குடிக்கறப்பவே உனக்குத் தெரியுமாடி?" என்றாள்.

"சத்தியமா தெரியாது" என்றேன். நம்பிவிட்டாள்.